நாதமும் கதையும்: நந்தன் சரித்திரத்தை முன்வைத்து

1

சங்கீதத்தில் நாதம் முதலா, கதை முதலா என்பது பழைய கேள்வி. பழையது என்பதாலேயே அதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. நாதமே எல்லாம், ஸாஹித்யம் கொடி படர ஊன்றிய கொம்பு என்பது ஒன்று. சொல்லும் பொருளும்தான் பாட்டு, பொருள் விளங்காதது வெறும் சத்தம் என்பது மற்றது. இரண்டும் அளவோடு இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. சங்கீத விமர்சனம் என்ற பெயரில் நம் பத்திரிகைகளில் வருவதில் பெரும்பகுதி இவர்கள் எழுதுவது. பாவம் ததும்பியது, ஸாஹித்ய சுத்தம் இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது.

இதை அழகியல் பிரச்னையாக மட்டும் வைத்துக்கொண்டால் அந்தத் தீர்ப்போடு எனக்குத் தகராறு இல்லை. சமையலில் உப்பும் புளியும் போல அவரவர் நாக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் பாட்டில் வரும் கதை ஒரு மனிதனுக்கு இழைக்கப்பட்ட அநீதியாக இருக்கும்போது பிரச்னை வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. ஒருவன் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறான். உள்ளே வரலாமா என்று கேட்கிறான். அவன் கேட்பது நம் காதில் இனிக்கிறது. இனிக்காவிட்டால் அது சங்கீதம் இல்லை. இனித்துவிட்டாலோ அவன் கேட்டது என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இந்த இடத்தில் 'அளவு' என்ற சொல் உதவாது. அவன் துயரத்தில் எவ்வளவு பங்கை இனிமையாக்கலாம் என்று தராசு பிடிக்க யாராலும் முடியாது.

நான் எடுத்துக்கொள்வது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அதிலும் குறிப்பாக, மாஞ்சி ராகத்தில் அமைந்த 'வருகலாமோ'. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதும், கச்சேரி கேட்கிறவர்களில் இதைக் கேட்டிராதவர்கள் குறைவு என்பதும் என் வசதிக்கு உதவுகின்றன.

2

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருநாளைப்போவார் கதையை நாற்பதுக்கும் குறைவான செய்யுட்களில் சொல்லி முடித்துவிடுகிறார். அங்கே நந்தனைத் தடுக்கிற ஆண்டை என்று யாரும் இல்லை. ஆதனூரின் சேரி இருக்கிறது. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசையும், போகத் தகாத பிறப்பு என்ற நினைவும் ஒருவனுக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்கள் கழிகின்றன. கடைசியில் தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கனவு, தீ, தீயிலிருந்து பூணூலும் சடைமுடியுமாக வெளிப்படுதல், மறைதல். அவ்வளவுதான்.

பாரதியார் இதற்குள் ஒரு வேதியரைக் கொண்டுவந்து வைத்தார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குப் போக உத்தரவு கேட்கிறான், அவர் மறுக்கிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் நாற்பது வேலியும் விளைந்து நிற்கிறது. சேக்கிழாரிடம் மனசுக்குள் நடந்த மோதல் பாரதியாரிடம் இரண்டு மனிதர்களுக்கு நடுவே நடக்கிறது. ஒருவன் கேட்கிறவன், மற்றவன் மறுக்கிறவன். நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்த பாரதியார் இந்த ஆண்டையைத் தேடிப் புராணத்துக்குப் போகவேண்டியிருக்கவில்லை. காவிரிப் படுகையின் நெல் வயல்களில் அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆண்டையும் இருந்தான், பண்ணையாளும் இருந்தான்.

கவனிக்கவேண்டியது, பாரதியார் இதைக் கச்சேரிக்காக எழுதவில்லை என்பது. இது காலட்சேபத்துக்கு எழுந்தது. காரைக்காலில் இருந்த சீசய்யா என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1861இல் அச்சாயிற்று. காலட்சேபத்தில் பாகவதர் நின்றுகொண்டு கதை சொல்கிறார். பேச்சால் தாங்கமுடியாத இடம் வரும்போது அது பாட்டாகிறது. பாட்டு முடிந்ததும் மறுபடி பேச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னும் பின்னும் கதையில் ஓர் இருக்கை இருக்கிறது. யார் யாரிடம், எந்த நிலையில், எதைக் கேட்கிறான் என்பது பாட்டு ஆரம்பிப்பதற்குள் சபைக்குத் தெரிந்துவிடும். பாட்டு அந்த ஒரு கணத்தைப் பிடித்துப் பெரிதாக்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரால் வழங்கும் கச்சேரி பத்ததி நிலைபெற்ற பிறகு இந்த இருக்கை போய்விட்டது. வர்ணம், கிருதிகள், பிரதான ராகம், தனி ஆவர்த்தனம், அதற்குப் பிறகு துக்கடாக்கள். நந்தனின் விண்ணப்பம் பெரும்பாலும் தனிக்குப் பிறகு வருகிறது. கேட்பவர்களில் சிலர் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். முன்னால் பாடப்பட்டது தெலுங்கில் ராமனைப் பற்றி; பின்னால் வரப்போவது தில்லானா. நடுவே நந்தன் நின்று கேட்டுவிட்டுப் போகிறான்.

3

உ.வே. சாமிநாதையர் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் நம்மில் பலருக்குத் தெரிந்தது. அதை வேடிக்கையான துணுக்காகவே சொல்லிச் சொல்லி அதன் கூர்மையை மழுங்கடித்திருக்கிறோம்.

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருக்கிறார். பாரதியார் தம் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு அவரிடம் வருகிறார். பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லை. காரணம், நூலில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. நேராக மறுக்கவும் மனமில்லாமல் நாள் கடத்துகிறார். பாரதியார் திரும்பத் திரும்ப வருகிறார். ஒருநாள் பிள்ளை உள்ளே ஓய்வாகப் படுத்திருக்கும் சமயம். திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம்பாட்டுக்குத் தம் கீர்த்தனம் ஒன்றை மெல்லப் பாடுகிறார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப் போகிறார். பாயிரம் கிடைக்கிறது.

சாதாரணமாக இதை 'நாதத்தின் வெற்றி' என்று சொல்லி முடித்துவிடுவோம். சொல்லில் பிழை கண்டவர் ஒலியில் கரைந்தார் என்று. எனக்கு அப்படிப் படவில்லை. அங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே இருக்கிறார். அவருக்குக் கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் இருக்கிறது. இன்னொருவர் திண்ணையில், அனுமதிக்காகக் காத்திருக்கிறார். பல முறை வந்துபோயிருக்கிறார். நந்தன் சரித்திரத்தை எழுதியவர், ஒரு வாசலில் நந்தனின் நிலையில் உட்கார்ந்து, அதே சரித்திரத்திலிருந்து பாடுகிறார். பிள்ளை கேட்டது ஒலியை மட்டும் என்று எப்படிச் சொல்வது? காகிதத்தில் படித்தபோது பிழையாகத் தெரிந்த சொல், காத்திருப்பவன் வாயிலிருந்து வந்தபோது வேறாக இருந்தது. பாட்டு அதன் இருக்கையில் மறுபடி உட்கார்ந்தது. அதுதான் அவரை அசைத்திருக்கவேண்டும்.

ஒப்பீட்டை இழுத்துக்கொண்டே போகக்கூடாது என்பதும் உண்மை. பாரதியார் பிராம்மணர். அவர் உட்கார்ந்திருந்த திண்ணையில் நந்தன் உட்கார்ந்திருக்க முடியாது. தெருவுக்குள்ளேயே வந்திருக்க முடியாது. பாயிரம் கிடைக்காவிட்டால் நூலுக்கு ஒரு பாயிரம் குறைவு, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு எல்லோரும் ஏதோ ஒரு வாசலில் நிற்கிறோம் என்று தத்துவம் பேசினால், அதுவும் இனிமையாக்குகிற காரியமே.

இதே பிள்ளைதான் இளைஞராயிருந்த சாமிநாதையர் பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொள்வதை விரும்பவில்லை. இசையில் பழக்கம் மிகுந்தால் இலக்கியத்தில் புத்தி செல்லாது என்பது அவர் எண்ணம். சாமிநாதையர் சங்கீதத்தை விட்டார். பிள்ளையின் பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். தன்னையே ஒருநாள் உருக்கிய வஸ்துவின் பலம் தெரிந்தவர் அவர்.

4

இந்தப் பயம் பிள்ளையோடு தொடங்கியதல்ல. பிளேட்டோ தன் 'குடியரசி'ல் ராகமும் லயமும் சொல்லைப் பின்தொடரவேண்டும் என்று கட்டளையிடுகிறான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டீன் தன் 'வாக்குமூலங்கள்' பத்தாம் புத்தகத்தில் இன்னும் அந்தரங்கமாகப் பேசுகிறான். பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாட்டு தன்னை அதிகம் அசைத்துவிடுகிறபோது தான் பாவம் செய்தவனாகிறேன், அந்தச் சமயத்தில் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறான். அதே பக்கத்தில், மதம் மாறிய புதிதில் தேவாலயப் பாட்டைக் கேட்டுத் தான் அழுததையும் நினைவுகூர்ந்து, பாட்டை ஒரேயடியாக விலக்கவும் மனமில்லாமல் தவிக்கிறான். இந்தத் தவிப்பு முடிவுக்கு வருவதேயில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மறுகரையில் எட்வர்ட் ஹான்ஸ்லிக் நிற்கிறான். 1854இல் சங்கீதத்தின் அழகு பற்றி அவன் எழுதிய சிறு நூல் 'நாதமே எல்லாம்' கட்சியின் வேதம். அதில் க்ளுக் 1762இல் இயற்றிய ஆபெராவை எடுத்துக்கொள்கிறான். மனைவியை இழந்த ஆர்ஃபியஸ் புலம்பும் பிரசித்தமான பாட்டு. அதே மெட்டில் 'இழந்தேன்' என்பதற்குப் பதில் 'அடைந்தேன்' என்று போட்டுப் பாடினாலும் பொருந்தத்தான் செய்யும் என்கிறான். மெட்டுக்குத் துக்கமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. அசையும் ஒலி வடிவங்களுக்கு அவற்றைத் தவிர வேறு பொருள் இல்லை என்பது வாதம்.

நம் ஊரில் இந்த வாதத்தைச் செய்ய ஹான்ஸ்லிக் தேவையில்லை. பல்லவி பாடுகிறவர்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு வரி. அதில் சொல் எங்கே முறிகிறது என்பதைத் தாளம் தீர்மானிக்கிறது. நிரவலில் ஒரு சொல்லின் கால் ஓர் ஆவர்த்தத்திலும் தலை அடுத்ததிலும் கிடக்கும். டி.எம். கிருஷ்ணா 2013இல் வெளிவந்த 'எ சதர்ன் மியூசிக்' நூலில், கலையிசையில் ஸாஹித்யம் இயங்குவது அகராதிப் பொருளாக அல்ல, இசையோடு கலந்த ஒலியாகவே என்ற பக்கம் நின்று வாதாடுகிறார். ஜாதியைப் பற்றி இந்த அளவு வெளிப்படையாகப் பேசும் ஒரு பாடகர் இந்தக் கட்சியில் இருப்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

எதிர்க்கட்சி நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு, 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம், கல்கி, ராஜாஜி, டி.கே.சி. புரிகிற மொழியில் பாடு என்பது அவர்கள் கேட்டது. நியாயமான கோரிக்கை, அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் பாதி வெட்கப்படத்தக்கவை. ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் ஒரு நம்பிக்கை மறைந்திருந்தது. சொல் புரிந்துவிட்டால் கதை கேட்கும் என்ற நம்பிக்கை. நந்தன் பாட்டு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. அதில் எல்லாச் சொல்லும் புரிகிறது. சபையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் புரிகிறது. புரிந்தபிறகும், அவனை வெளியே நிறுத்தியவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தமிழில் பாடியதால் நந்தன் உள்ளே வந்துவிடவில்லை.

1935இல் இந்தக் கதை சினிமாவானபோது நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்பதே அந்தப் படத்தைப் பற்றி இன்றைக்கும் அதிகம் பேசப்படும் செய்தி. 1942இல் மறுபடி ஜெமினி எடுத்தபோது எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தன். இவ்விரண்டுக்கும் நடுவில்தான், 1939 ஜூலையில், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயரின் முன்முயற்சியில் ஹரிஜனங்கள் நுழைந்தார்கள். நாடு முழுவதும் நந்தன் பாட்டைக் கேட்டு உருகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு சிலர் கோயிலுக்குள் நடந்துபோவதற்கு ஒரு போராட்டமும், பிறகு சட்டங்களும் வேண்டியிருந்தன. உருகியதால் கதவு திறந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. உருகாமல் இருந்திருந்தால் சீக்கிரம் திறந்திருக்கும் என்று சொல்லவும் இல்லை.

5

இரண்டு கட்சிகளும் கதை என்பது சொல்லில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே சண்டையிடுகின்றன. தகராறு எல்லாம் அந்தச் சொல்லுக்கு எத்தனை மரியாதை என்பதில்தான். நான் வேறுபடுவது இங்கே. கதைக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உண்மையான முரண், காலத்தை அவை நடத்தும் விதத்தில் இருக்கிறது. கதை முன்னே போகும். அடுத்து என்ன என்பது அதன் உயிர். சங்கீதம் திரும்பி வரும். பல்லவிக்குத் திரும்பும், ஷட்ஜத்துக்குத் திரும்பும், ஸமத்துக்குத் திரும்பும். அனுபல்லவி பாடினாலும் சரணம் பாடினாலும் கடைசியில் பல்லவியில் வந்துதான் நிற்கவேண்டும். கதையில் ஒரே விஷயத்தை நான்கு தடவை சொன்னால் கேட்பவன் எழுந்துபோய்விடுவான். பாட்டில் நான்காவது சங்கதிக்காகத்தான் காத்திருக்கிறான்.

ஆகவே, கதையைப் பாட்டாக்குகிறவனுக்கு உள்ள பிரச்னை, முன்னே போகவேண்டியதைத் திரும்பிவரச் செய்வது எப்படி என்பது. பெரும்பாலான கதைப்பாட்டுகள் இங்கேதான் தோற்கின்றன. கதை நகரும் இடத்தில் மெட்டு சுமையாகிறது. மெட்டு அழகாகும் இடத்தில் கதை நின்றுபோகிறது.

பாரதியாரின் பாட்டு தோற்கவில்லை. ஏனென்றால் நந்தன் கதையின் மையமே ஒரு திரும்பிவருதல். நாளைப் போவேன் என்று ஒருவன் தினமும் சொன்னான். சொல்லிச் சொல்லி அதுவே அவன் பெயராயிற்று. திருநாளைப்போவார் என்ற பெயர் ஒரு மனிதனுக்குப் பெயராக வந்துவிட்ட பல்லவி. வங்கிக் கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு 'நாளைக்கு வா' என்ற வார்த்தை எப்படிப் பிரயோகமாகிறது என்று கொஞ்சம் தெரியும். சொல்கிறவனுக்கு அது ஒரு வார்த்தை. கேட்கிறவனுக்கு ஒரு நாள் கூலி. அதிகாரம் என்பது அடுத்தவன் காலத்தை வட்டமாக வளைத்துவிடும் சக்தி. ஆண்டை செய்தது அதுதான். நந்தனின் வாழ்க்கை முன்னே போகவிடாமல் பல்லவிக்கே திரும்பவைக்கப்பட்ட வாழ்க்கை. அதனால் 'வருகலாமோ' பல்லவிக்குத் திரும்பும்போது கதை நின்றுபோகவில்லை. கதை அதுவேதான்.

ஹான்ஸ்லிக்கின் சோதனையை இங்கே செய்து பார்க்கலாம். மாஞ்சிக்கு ஜாதி தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மெட்டில் ஒரு தாலாட்டை வைத்தால் பொருந்தும். ஒரு காதலியின் ஏக்கத்தை வைத்தாலும் பொருந்தும். ஆனால் 'வந்துவிட்டேன்' என்ற வார்த்தையை வைத்துப் பாருங்கள். ஒலி இடம் கொடுக்கும். உருவம் இடம் கொடுக்காது. வந்து சேர்ந்தவன் திரும்பத் திரும்ப அந்த வாசலுக்கே போய் நிற்பானேன்? மெட்டு ஓர் உணர்ச்சியைச் சொல்லாமல் இருக்கலாம். ஒரு நிலைமையை அது வரைந்துவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று பாட்டுக்குச் சாதகமானது, மற்றது நமக்குப் பாதகமானது.

சாதகமானது: இந்த விஷயத்தில் கதையைவிடப் பாட்டு உண்மையானது. கதை அற்புதத்தில் தப்பித்துக்கொள்கிறது. ஒரே இரவில் நாற்பது வேலி விளைகிறது. ஆண்டை காலில் விழுகிறார். தீ சுடாமல் புனிதமாக்குகிறது. கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் கதை முடிகிறது. இந்திரா பார்த்தசாரதி 1978இல் 'நந்தன் கதை' நாடகத்தை எழுதியபோது அந்தத் தீயைச் சதியாகப் படித்தார். காரணமில்லாமல் அப்படிப் படிக்கவில்லை. பாரதியார் பிறந்த நரிமணத்துக்கு அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று, பண்ணையாட்கள் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தீ அவர்களுக்குப் பூணூல் போட்டு அனுப்பவில்லை. பாட்டு இந்தப் பொய்யில் பங்கெடுப்பதில்லை. அது கேள்வியில் தொடங்கி அதே கேள்வியில் முடிகிறது. காலட்சேபத்தில் அதற்குப் பிறகு அற்புதம் வந்து கேள்வியை விழுங்கிவிடும். கச்சேரியில் இருக்கை பறிபோனதால் கதையை இழந்த பாட்டு, அதே காரணத்தால் அற்புதத்தையும் இழந்துவிட்டது. கேள்வி பதில் இல்லாமல் தொங்குகிறது. இது கச்சேரி பத்ததி தெரியாமல் செய்த உபகாரம்.

பாதகமானது: அவன் நிற்கும் நேரம்தான் நம் ரசனையின் நேரம். இன்னொரு சங்கதி வராதா என்று நாம் ஆசைப்படும்போது, அவன் இன்னும் கொஞ்சம் வெளியே நிற்கவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறோம். 'பேஷ்' என்பது ஒரு வகையில் 'நாளைக்கு வா' என்பதே. ஆண்டை வேலைக்காக அவனைக் காக்கவைத்தார், நாம் ரசத்துக்காக. இதைக் கொடூரமான வாக்கியம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. துயரத்தைக் கலையாக்கும் எல்லாவற்றிலும் இது உண்டு. கவிதையிலும் உண்டு.

6

அப்படியானால் பாடக்கூடாதா? அகஸ்டீன் போன வழி அது. அவனாலேயே முழுக்கப் போகமுடியவில்லை. பாடாமல் விட்டால் அந்தக் கேள்வியும் சேர்ந்து மறையும். உள்ளடக்கமே பிரதானம் என்று வாதாடும் முற்போக்கு நண்பர்கள், இசையைக் குறைத்து வசனத்தைக் கூட்டு என்பார்கள். அதனால் கிடைப்பது பிரசங்கம். பிரசங்கத்தில் யாரும் வாசலில் நிற்பதில்லை. எல்லோரும் மேடையில்தான் நிற்கிறார்கள்.

இன்னொரு நாட்டு உதாரணம் எனக்கு உதவுகிறது. ஏபெல் மீரோபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர், அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் வழக்கத்தைப் பற்றி எழுதிய பாட்டை 1939இல் பில்லி ஹாலிடே 'கஃபே சொசைட்டி' என்ற இரவு விடுதியில் பாடத் தொடங்கினாள். அவள் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவளால் எதையும் இனிமையாகப் பாடாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டைச் சுற்றி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு அதுதான். அது தொடங்குமுன் பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்துவார்கள். விளக்குகள் அணையும், அவள் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் முழு இருட்டு. மறுபடி விளக்கு வரும்போது மேடையில் அவள் இருக்கமாட்டாள். 'ஒன்ஸ் மோர்' கிடையாது.

இதில் நாதம் ஒரு மாத்திரைகூடக் குறைக்கப்படவில்லை. கதை ஒரு வார்த்தைகூட அதிகமாக்கப்படவில்லை. மாற்றப்பட்டது, கேட்பவன் அந்த இனிமையை என்ன செய்யலாம் என்பது. கைதட்டி அதைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு வழி விடப்படவில்லை. அவன் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாட்டுக்கு ஓர் இருக்கை திரும்பக் கொடுக்கப்பட்டது என்று இதை நான் சொல்வேன்.

நந்தனைப் பாடுகிறவர்களும் இதைச் செய்யமுடியும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது, அடுத்து எதைப் பாடாமலிருப்பது என்பவையும் சங்கீதத்தின் பகுதிகள்தாம். விளம்ப காலத்தில் அடுத்த அக்ஷரம் வருவதற்குள் கேட்பவன் கொஞ்சம் சங்கடப்படும்படி ஒரு பாடகர் தாமதிக்கலாம். அப்போது காத்திருக்கும் வேலை நந்தனிடமிருந்து நமக்கு மாறுகிறது. அதே இடத்தைப் பிருகாக்களால் நிரப்பினால் காத்திருப்பு கொண்டாட்டமாகிறது. இரண்டும் நாதம்தான். ஒன்றில் நாதம் கதையின் சுமையைக் கேட்பவன் தோளுக்கு மாற்றுகிறது. மற்றதில் இறக்கி வைத்துவிடுகிறது.

7

கடைசியாக ஒன்று. சுத்த நாதம் என்று ஒன்று இருக்கிறது, அதில் கதையின் கறை படவில்லை என்று நம்புகிறவர்களுக்கு இது.

சேக்கிழார் நந்தனின் தொழிலைச் சொல்கிறார். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும், இழுத்துக்கட்ட வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வந்தவன் அவன். அதாவது உள்ளே எழுந்த நாதத்தின் மூலப்பொருள் அவன் கையிலிருந்து போயிற்று. நாதம் உள்ளே நுழைந்தது, அவன் நுழையவில்லை. இதைப் புராண காலத்துச் செய்தி என்று ஒதுக்கவேண்டாம். மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் பிடித்து, மூட்டுக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தலித் கிறிஸ்தவர்கள். அவர்கள் காதுதான் முதலில் அந்த நாதத்தைக் கேட்டுச் சரி என்று சொல்கிறது. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்த பிறகு இதைத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. மேடையில் அந்த வாத்தியத்தை வாசித்தவர்களின் வரிசையில் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே, ஸாஹித்யமே இல்லாத தனி ஆவர்த்தனத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஒரு வார்த்தையும் இல்லாமல், வலந்தலையில் விரல் படும்போதெல்லாம் அது சொல்லப்படுகிறது. நாதத்துக்கும் கதைக்கும் சமநிலை காண்பது பற்றிப் பேசுகிறவர்கள், இரண்டும் வெவ்வேறு தட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நந்தன் விஷயத்தில் இரண்டு தட்டும் ஒரே தோலால் ஆனவை.

புதுக்கவிதை எழுதுகிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பொருளைக் காப்பாற்றுவதற்காக யாப்பை விட்டோம் என்று 'எழுத்து' காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். ஒலியை விட்டதால் மட்டும் பொருள் நம் கைக்கு வந்துவிட்டதா, அல்லது வேறொரு இனிமைக்கு, வறட்சியின் இனிமைக்கு, அடுத்தவன் துயரத்தை விற்றுக்கொண்டிருக்கிறோமா என்று யாராவது எழுதவேண்டும். தனிக்குப் பிறகு நந்தன் வந்து கேட்கும்போது, கேள்வி பாடகரை நோக்கி இல்லை. நடராஜரை நோக்கியும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யாரோ அவர்களை நோக்கி. பதில் சொல்ல வாய் வராதவர்கள், குறைந்தபட்சம் தில்லானா தொடங்குவதற்குள் கைதட்டாமலாவது இருக்கலாம்.